கூட்டம் முடிந்த பிறகு வரும் செய்தி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். உங்கள் குடியிருப்போர் சங்கம் மாதம் ஒரு செய்திமடல் போடுகிறது. அதில் நகரத் திட்டம், நகர நிர்வாகத்தின் சேவைகள், பகுதி நிகழ்ச்சிகள் ஆகியவற்றை எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வேறொன்று சொல்லியிருக்கிறீர்கள்: "சாலையைத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் எல்லோரும் வந்து ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று சண்டை போடுகிறார்கள். நாங்கள் மூன்று மாதம் முன்பே போட்டிருந்தோம்." எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. சொன்ன செய்தி ஏன் போய்ச் சேரவில்லை?

நான் இருபத்திரண்டு வருடம் நகரத் திட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒன்பது வருடமாக எங்கள் பகுதிச் சங்கத்தின் மடலைக் கவனித்துக்கொள்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தாயிற்று. ஆட்சேபணைக்கு எத்தனை நாள் அவகாசம், மனுவை யாரிடம் கொடுப்பது போன்றவை ஊருக்கு ஊர், சட்டத்துக்குச் சட்டம் மாறும். அவற்றை உங்கள் ஊர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். வழக்கு என்று போனால் வக்கீல்தான். நான் சொல்லப்போவது செய்தி எழுதுவதைப் பற்றி மட்டும்.

"மேம்பாலம் வருகிறது", "பூங்கா வருகிறது" என்று பேசுகிறோம் இல்லையா, இந்த "வருகிறது" மாதிரி ஆபத்தான சொல் செய்திமடலில் வேறில்லை. யாரோ ஒருவர் மேடையில் ஆசையாகச் சொன்னாலும் வருகிறதுதான். ஆலோசகர் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தாலும் வருகிறதுதான். பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரர் ஜேசிபியோடு தெருமுனையில் வந்து நின்றாலும் அதே வருகிறதுதான். முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே பல வருடங்கள் கிடக்கலாம். நடுவழியில் செத்துப்போன திட்டங்களின் கோப்புகளை நானே கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். நீங்கள் மூன்று மாதம் முன்பு "சாலை மேம்பாட்டுப் பணி வருகிறது" என்று போட்டிருந்தால், படித்தவர் அதை மேடைப் பேச்சுக் கணக்கில் எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பியிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வேலை பெரும்பாலும் யோசனையில் தொடங்கி, ஆய்வு, வரைவு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு, ஒப்புதல், நிதி, டெண்டர் என்று போய்ப் பணியில் முடியும். வரிசை அங்கங்கே முன்பின்னாக இருக்கும். ஆனால் போகப் போக நாம் தலையிடக்கூடிய இடம் சுருங்கிக்கொண்டே வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆரம்பத்தில் "இது வேண்டுமா" என்று கேட்கலாம். வரைவு வந்த பிறகு "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்று கேட்கலாம். ஒப்புதல் ஆகிவிட்டால் "நடைபாதையை ஒரு அடி கூட்ட முடியுமா" என்பது வரைக்கும்தான். டெண்டர் போன பிறகு "காலையில் எத்தனை மணிக்கு இடிக்க ஆரம்பிப்பீர்கள்" என்று கேட்கலாம், அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு செய்தியிலும் இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எது இன்னும் முடிவாகவில்லை, அதை யார் முடிவு செய்வார்கள், எந்தத் தேதிக்குள் நாம் பேச வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். அதிகாரியின் பெயர், அடிக்கல் நாட்டியவர், பொன்னாடை எல்லாம் இடம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதிரி சொல்கிறேன். "நமது பகுதியின் பிரதான சாலையை மேம்படுத்த நகர நிர்வாகம் உத்தேசித்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எங்கள் பழைய மடல் ஒன்றில் இருக்கிறது. எழுதியது நான்தான். அதே செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "பள்ளிக்கு எதிரே நடைபாதை இப்போது இரண்டரை மீட்டர். புதிய வரைபடத்தில் ஒன்றரை மீட்டர். வரைபடத்துக்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை. 14ஆம் தேதி வரை எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம்." முதலாவதில் மகிழ்ச்சி இருக்கிறது, செய்தி இல்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு ஒரு பாட்டி பேரனின் சைக்கிள் அகலத்தை அளந்துகொண்டு கூட்டத்துக்கு வந்துவிடுவார்.

அடுத்தது நேரம். ஒருமுறை கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து அதன் அறிவிப்பைச் சுமந்துகொண்டு எங்கள் மடல் வெளியானது. அறிவிப்பு எங்கள் கைக்கு வந்தபோது அந்த மாத இதழ் போய்விட்டது, அடுத்த இதழுக்குள் அவகாசம் முடிந்துவிட்டது. மாத மடலுக்கும் சில வார அவகாசத்துக்கும் ஒத்துப்போகாது. மடலைக் குறுகிய அறிவிப்புகளுக்கு நம்பாதீர்கள். அவற்றை வாட்ஸ்அப் குழுவிலும் தெருமுனைப் பலகையிலும் அன்றைக்கே போடுங்கள். மடலில் வரப்போகும் தேதிகளை ஒரு பெட்டியில் கொடுங்கள். இன்னொன்று, புதிதாக எழுத வருபவர்கள் எல்லோரும் நகர நிர்வாகக் கூட்டத்தின் குறிப்பைத் தேடுவார்கள், நான் நிகழ்ச்சி நிரலைத் தேடச் சொல்வேன். கூட்டக் குறிப்பு நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நிகழ்ச்சி நிரலில் உங்கள் தெருவின் பெயர் இருந்தால் உங்களுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1999-ல் தன் சாசனத்தை, அதாவது நகரத்தின் அடிப்படைச் சட்டத்தை, மாற்றிப் பகுதி மன்றங்களை உருவாக்கியபோது, நகர மன்றம் முடிவெடுப்பதற்கு முன்பே அந்த மன்றங்களுக்குத் தகவல் போக வேண்டும் என்ற ஏற்பாட்டையும் சாசனத்திலேயே எழுதி வைத்தது. முன்கூட்டியே தெரியாவிட்டால் மற்ற உரிமைகள் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும் என்று அங்கே யாருக்கோ நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அறிவிப்பில் "கருத்துக் கேட்பு" என்று போட்டிருந்தாலும் எல்லாக் கூட்டத்திலும் கருத்துக் கேட்க மாட்டார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பே கிடையாது, மக்களைச் சமாளிப்பதுதான். தகவல் சொல்வது மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நான்காவது. முடிவெடுக்கும் அதிகாரத்தில் உண்மையான பங்கு கிடைப்பது ஆறாவது படியிலிருந்துதான். என் அலுவலக நாட்களில் நாங்கள் நடத்திய கூட்டங்களில் பெரும்பாலானவை மூன்றில் நின்றுகொண்டு நான்கு என்று சொல்லிக்கொண்டவை. அழகான படங்கள், குடிக்கத் தண்ணீர், கடைசியில் பத்து நிமிடம் கேள்வி. அதில் நானும் பேசியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆகவே ஒரு கூட்டத்தை அறிவிக்கும் முன் அலுவலகத்துக்குப் போன் செய்து, "இந்தக் கூட்டத்தில் நாங்கள் சொல்வதால் மாறக்கூடியது எது?" என்று நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் அதை அப்படியே போடுங்கள். மழுப்பினால் "இது விளக்கக் கூட்டம்" என்று போடுங்கள். தகவலுக்காக மட்டும் வருகிறோம் என்று தெரிந்து வருபவர் ஏமாந்து போக மாட்டார், அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

மாறக்கூடியதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா நல்ல உதாரணம். பூங்காவின் நடுவே நான்கு வழிச் சாலை போட வேண்டும் என்று, நகரின் சாலைகளையும் பூங்காக்களையும் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் விரும்பினார். அந்த நகரத்தில் அவர் நினைத்ததைத் தடுப்பவர் அரிது. 1952-ல் ஷெர்லி ஹேய்ஸ் என்ற தாய் எதிர்ப்பைத் தொடங்கினார். பிறகு நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் உட்படப் பலர் சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் சாமர்த்தியமானது, பூங்காவைச் சோதனையாக வாகனங்களுக்கு மூடிப் பாருங்கள் என்பது. 1958-ல் மூடினார்கள். சுற்றுத் தெருக்கள் திணறிப்போகும் என்று சொல்லப்பட்டது நடக்கவில்லை. மறு வருடம் நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். முழுத் திட்டத்தையும் கைவிடு என்று கேட்டால் ஒரு அதிகாரி தன் தலைக்கு மேலே உள்ளவரைப் பார்ப்பார். சில மாதம் சோதித்துப் பார் என்று கேட்டால் அவரே கையெழுத்துப் போட முடியலாம். சோதனை கேட்ட இடமெல்லாம் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுக்கக் கடினமான கோரிக்கை அது.

இனி திட்ட ஆவணத்தை எப்படிப் படிப்பது என்று. எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை, சில எண்களைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாற்றத் தெரிந்தால் போதும். தளப்பரப்புக் குறியீடு 2 என்று இருந்தால், 200 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளும் சேர்த்து 400 சதுர மீட்டர் கட்டலாம் என்று பொருள். மனை முழுவதையும் அடைத்துக் கட்டினால் இரண்டு தளம், பாதி மனையில் கட்டினால் நான்கு தளம். "குறியீட்டை உயர்த்துகிறார்கள், வானளாவிய கட்டடம் வரப்போகிறது" என்று பதறுபவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். உயரத்துக்கும் காலி இடத்துக்கும் தனி விதிகள் இருக்கும், அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ள வரைபடத்தில் "நூறாண்டு வெள்ளம்" என்று இருந்தால், போன வருடம் வந்துவிட்டது, இனி நூறு வருடம் கவலையில்லை என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருடக் கடனில் அங்கே வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். இந்தக் கணக்கை மடலில் போட்ட மாதம்தான் எனக்கு அதிகமான தொலைபேசி வந்தது. அதேபோல ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர மீட்டர் மண் தரையை வாகன நிறுத்தத்துக்காகத் தார் போட்டு மூடினால், 40 மில்லிமீட்டர் மழையில் 24,000 லிட்டர் தண்ணீருக்கு மண்ணுக்குள் போக வழியில்லை. மண் எல்லாவற்றையும் குடித்துவிடாதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் எந்த வடிகாலுக்குப் போகும், அது தாங்குமா என்பது கூட்டத்தில் கேட்க வேண்டிய நேரான கேள்வி.

கணக்கு நம் பக்கத்துக்கு எதிராகவும் போகும், அதையும் போட வேண்டும். வாகனங்கள் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு மனு தயாரானது. வேகமும் வாகன வகையும் மாறாமல் எண்ணிக்கை மட்டும் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு). காதுக்கு அது லேசாகத்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். வேகம் கூடுவதும் லாரிகள் வருவதும்தான் நிஜமான தொல்லை. மனுவை லாரி நேரம், வேக வரம்பு என்று மாற்றி எழுதினோம். அதற்காகச் சங்கத்தில் சிலர் என்னைக் "கட்சி மாறியவர்" என்றார்கள். இருக்கட்டும். தவறான எண்ணோடு போனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் அந்த ஒன்றை மட்டும் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

சந்தேகத்துக்குரியவை பற்றியும் சொல்ல வேண்டும். "இதனால் வீட்டு விலை விழும்" அல்லது "ஏறும்" என்ற வாக்கியத்தை மடலில் நான் விடுவதில்லை. ஒரே மாதிரித் திட்டம் ஒரு தெருவில் விலையை ஏற்றி அடுத்த தெருவில் ஏற்றாமல் போகலாம், காரணங்கள் பின்னிக்கிடக்கும். "அங்கே ஏதோ நடக்கிறதாம்" என்ற செய்தியும் அப்படித்தான். பூங்காவை விற்கப்போகிறார்கள் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு பத்தி போட்டேன். உண்மையில் அது ஒரு துறையின் கணக்கிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான். அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே திருத்தம் போட்டோம். இருந்தாலும் அந்த அலுவலகம் ஒரு வருடம் எங்கள் போனை எடுக்கவில்லை. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: நான் ஆவணத்தைப் பார்த்திருந்தால் "ஆவணத்தில் உள்ளது" என்று எழுதுவேன். அதிகாரி வாயால் சொன்னது என்றால் "அலுவலகத்தில் சொன்னார்கள்" என்று எழுதுவேன். மற்றவை மடலுக்கு வராது. வாட்ஸ்அப்பில் என்ன வேண்டுமானாலும் ஓடட்டும்.

சேவைகள், நிகழ்ச்சிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குப்பை எடுக்கும் நாள் மாறியது, தண்ணீர் நிற்கும் நேரம், தடுப்பூசி முகாம், முதியோர் வகுப்பு ஆகியவைதான் மடலைத் திறக்க வைக்கும். அதனால் அவற்றை முதல் பக்கத்தில் போட்டு, பக்கத்திலேயே திட்டச் செய்தியை வையுங்கள். யாருக்குத் தகுதி, என்ன காகிதம் வேண்டும், எந்தத் தேதிவரை என்பவை இருந்தால் போதும். ஜப்பானில் பகுதிச் சங்கங்கள் "கைரன்பான்" என்று ஒரு அட்டையை வீடு வீடாகச் சுற்ற விடுவார்கள். படித்தவர் தன் முத்திரையையோ கையெழுத்தையோ போட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னச் செய்திதான். ஆனால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு சாக்கு கிடைக்கிறது. எல்லா ஊருக்கும் இது சரிவராது, இருந்தாலும் திரையில் படிக்காத முதியவர்கள் உள்ள தெருவில் செய்து பார்க்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. "பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள்" என்று எழுதும்போது யார் அந்த மக்கள்? போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். பேசியவர்கள் ஊரின் பொதுவான மக்களைவிட வயது கூடியவர்களாக, ஆண்களாக, சொந்த வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். புதிய வீடுகள் கட்டுவதைப் பெரும்பாலும் எதிர்த்தார்கள். அது ஒரு மாநிலத்தின் கணக்கு, உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் சங்கக் கூட்டத்தில் தலைகளை எண்ணிப் பார்த்தேன், வாடகைக்கு இருப்பவர் ஒருவர் மட்டும். தெருவிலோ பாதி வீடு வாடகை. இங்கிலாந்தில் 2011-ஆம் வருடச் சட்டப்படி ஒரு பகுதி தன் திட்டத்தைத் தானே தயாரிக்கலாம். அதற்கான பகுதி மன்றத்துக்குக் குறைந்தது 21 உறுப்பினர்கள் வேண்டும், கடைசியில் அந்தப் பகுதி வாக்காளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் சம்மதித்தால்தான் திட்டம் செல்லும். கூடிப் பேசும் சிலரின் முடிவை எல்லோரிடமும் கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு அது. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும், "கூட்டத்துக்கு வந்த 18 பேரில் 15 பேர் எதிர்த்தார்கள்" என்று எண்ணோடு எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

பட்ஜெட்டையும் விட்டுவிடாதீர்கள். செய்தி எழுதுபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், அலுப்பூட்டும் விஷயம் என்று. ஆனால் அடுத்த வருடம் எந்தத் தெரு தோண்டப்படும் என்பது அங்கேதான் முதலில் தெரியும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் முறையில், பகுதி வாரியாக மக்கள் கூடி எந்தப் பணி முதலில் என்று வரிசைப்படுத்தினார்கள். பட்ஜெட் தயாராகும் மாதத்துக்கு முந்தின மாத இதழில் "நம் பகுதி கேட்க வேண்டிய மூன்று வேலைகள்" என்று போட்டுப் பாருங்கள். எங்கள் மடலில் கடிதங்கள் அதிகம் வந்தது அந்தப் பக்கத்துக்குத்தான், பாதி திட்டிக்கொண்டு.

சரி, உங்கள் தோண்டிய சாலைக்கு வருவோம். சாலை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இப்போது நேரம் போய்விட்டது. ஆனால் வீட்டு வாசலில் பள்ளத்தைத் தாண்டப் பலகை போடுவார்களா, பள்ளிப் பிள்ளைகள் நடக்கத் தற்காலிகப் பாதை உண்டா, மரத்தின் அடியில் எவ்வளவு தூரம் விட்டுத் தோண்டுவார்கள், குடிநீர்க் குழாயும் கேபிளும் போடுகிறவர்கள் இதே சமயத்தில் வேலையை முடித்துக்கொள்வார்களா அல்லது தார் போட்ட பிறகு மறுபடி வெட்டுவார்களா என்பதெல்லாம் இன்னும் முடிவாகாமல் இருக்கலாம். கடைசிக் கேள்வியைத் தளப் பொறியாளரிடம் இந்த வாரமே கேளுங்கள், பதிலை இதழுக்குக் காத்திராமல் அன்றே பலகையில் எழுதிப் போடுங்கள். அவர் பொதுவாகக் காலை ஒன்பது மணிக்கு முன்பு தளத்தில் கிடைப்பார், அதற்குப் பிறகு அலுவலகத்தில் தேடினால் தளத்துக்குப் போயிருக்கிறார் என்பார்கள்.